தலைப்பிரசவம் என்றால் தையல் கட்டாயமா? மருத்துவச் சான்றுகளை எடைபோடும் முறை

நார்மல் டெலிவரி முடிந்து வீட்டுக்கு வரும் பெண்ணின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். பலருடையதில் "லேபர் நேச்சுரல் வித் ஆர்எம்எல்இ" என்று ஒரு வரி இருக்கும். அந்த நான்கு எழுத்துகளின் விரிவு, ரைட் மீடியோலேட்டரல் எபிசியோடமி. குழந்தையின் தலை வெளியே வரும் நேரத்தில், பிறப்புறுப்பின் வாயிலிருந்து வலப்பக்கமாகச் சாய்த்துக் கத்தரியால் ஒரு வெட்டு. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்தபின் அந்த இடத்தில் தையல். வீட்டில் இதைப் பற்றி "தையல் போட்டிருக்காங்க" என்பதற்கு மேல் பேச்சு இருக்காது. சிசேரியன் என்றதும் ஏன், எதற்கு, வேறு வழியில்லையா என்று கேட்கிற குடும்பங்கள்கூட, இந்த வெட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இது பெரிய சாதனை. அதே சமயம், லேபர் வார்டில் எது வழக்கமோ அது ஏறத்தாழ எல்லாப் பெண்களையும் தொடுகிறது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. அந்த வழக்கத்துக்குப் பின்னால் சான்று இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு உறுதியானது? யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது? சான்றுகளைச் சீராய்வது என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கேள்விகளுக்கு முறையாகப் பதில் தேடுவதைத்தான். இந்த ஒரு வெட்டின் கதையை வைத்தே அந்த முறை முழுவதையும் புரிந்துகொள்ளலாம்.

முதலில் உடம்பைப் பற்றிக் கொஞ்சம். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையில் உள்ள பகுதிக்குப் பெரினியம் என்று பெயர். தலை வரும்போது அந்தப் பகுதி தானாகவே கிழியக்கூடும். கிழிசலை நான்கு நிலையாகப் பிரிப்பார்கள். தோல் மட்டும் கிழிந்தால் முதல் நிலை. தோலோடு தசையும் கிழிந்தால் இரண்டாம் நிலை. ஆசனவாயை இறுக்கிப் பிடித்திருக்கும் சுருக்குத்தசை கிழிந்தால் மூன்றாம் நிலை. மலக்குடலின் உட்சவ்வு வரை போய்விட்டால் நான்காம் நிலை. கடைசி இரண்டும்தான் கடுமையானவை. சரியாகக் கண்டுபிடித்துத் தைக்காவிட்டால் காற்றையும் மலத்தையும் அடக்க முடியாத அவதி வரலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எபிசியோடமி என்பதே தோலையும் தசையையும் சேர்த்து வெட்டுவது. அதாவது, இரண்டாம் நிலைக் கிழிசலுக்குச் சமமான காயம். கிழிசல் வருமோ என்ற பயத்தில், கிழிசலுக்குச் சமமான ஒரு காயத்தை முன்கூட்டியே உறுதியாக உண்டாக்குகிறோம். அதற்கு ஈடாக ஒரு பெரிய நன்மை கிடைத்தாக வேண்டும். கிடைக்கிறதா?

இந்த வெட்டை 1742-இல் டப்ளின் நகரத்து மருத்துவர் ஃபீல்டிங் ஓல்ட் எழுதிவைத்தபோது, குழந்தை வரவே வழியில்லாத அரிதான நிலைக்காகத்தான் சொன்னார். 1920-இல் சிகாகோவின் ஜோசப் டிலீ, தலைப்பிரசவத்தில் ஆயுதம் (இடுக்கி போன்ற கருவி) போட்டு எடுப்பதையும் இந்த வெட்டையும் முன்னெச்சரிக்கையாகவே செய்யலாம் என்று வாதிட்டார். நேராக வெட்டிய காயம் தாறுமாறான கிழிசலைவிட நன்றாக ஆறும், இடுப்புத் தசைகள் தளராது, குழந்தையின் தலைக்கு அழுத்தம் குறையும் என்பவை அந்தத் தரப்பின் காரணங்கள். கேட்க நியாயமாக இருந்ததால் உலகம் ஏற்றுக்கொண்டது. 1979-இல் அமெரிக்காவில் பிறப்புறுப்பு வழியாகப் பிரசவித்த பெண்களில் சுமார் 61 சதவீதம் பேருக்கு இந்த வெட்டு விழுந்தது. அதுவரை யாரும் இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. 1860 முதல் 1980 வரை ஆங்கிலத்தில் வெளிவந்த எழுத்துகளைத் தாக்கரும் பாண்டாவும் அலசி 1983-இல் வெளியிட்ட கட்டுரை, சொல்லப்படும் நன்மைகளுக்குத் தெளிவான சான்று இல்லை என்று எழுதியது. 120 வருட எழுத்தைத் தேடியும் கைக்குச் சிக்கியது அவ்வளவுதான்.

அனுபவம் ஏன் போதாது?

"முப்பது வருஷமா பார்க்கிறேன், வெட்டினா நல்லா ஆறுது" என்று ஒரு மூத்த மருத்துவர் சொன்னால் அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் பார்த்தது வெட்டிய பெண்களை மட்டும். வெட்டாமல் விட்டிருந்தால் அதே பெண்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை அவரால் பார்க்க முடியாது. காயம் ஆறாமல் போனவர்கள் வேறு மருத்துவமனைக்குப் போயிருக்கலாம். தாம்பத்தியத்தில் வலி, காற்றை அடக்க முடியவில்லை என்பதையெல்லாம் நம் பெண்கள் சொந்த அக்காவிடமே சொல்ல மாட்டார்கள். ஓபி வரிசையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து டாக்டரிடம் சொல்வார்களா? தன்னிடம் புகாரே வந்ததில்லை என்று அந்த மருத்துவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். பிரச்சினையே இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

சரி, மருத்துவமனைப் பதிவேட்டை எடுத்து, வெட்டிய 1000 பேரையும் வெட்டாத 1000 பேரையும் ஒப்பிட்டால்? அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பெரிய குழந்தை, நீண்ட வலி, ஆயுதம் போட வேண்டிய நிலை என்று சிரமமான பிரசவங்களில்தான் வெட்டு அதிகம் விழும். அவர்களுக்குக் கடுமையான கிழிசல் அதிகம் என்று பதிவேடு சொன்னால், அதற்குக் காரணம் வெட்டா, ஏற்கெனவே இருந்த சிரமமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தச் சிக்கலுக்கு மருத்துவம் கண்ட வழிதான் குலுக்கல் முறை ஆய்வு. யாரை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதை மருத்துவரும் முடிவு செய்வதில்லை, பெண்ணும் முடிவு செய்வதில்லை. குலுக்கல் முடிவு செய்கிறது. அப்படிப் பிரித்தால், பெரிய குழந்தை, சிறிய குழந்தை, பலவீனமான உடம்பு, வலுவான உடம்பு என எல்லாம் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாக விழும். நமக்குத் தெரியாத காரணங்களும் சமமாகும் என்பதுதான் இதன் பெரிய பலம். அதன்பின் இரண்டு குழுவுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரிந்தால், அதற்குச் சிகிச்சைதான் காரணம் என்று சொல்ல இடமிருக்கிறது.

இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஜெனிஃபர் ஸ்லீப் என்ற மருத்துவச்சி முன்னின்று நடத்திய ஆய்வு 1984-இல் வெளிவந்தது. 1000 பெண்கள். ஒரு குழுவில் குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் வெட்டச் சொன்னார்கள். இன்னொரு குழுவில் கிழியாமல் தடுக்கத் தாராளமாக வெட்டலாம். முதல் குழுவில் 10 சதவீதம் பேருக்கும் இரண்டாம் குழுவில் 51 சதவீதம் பேருக்கும் வெட்டு விழுந்தது. கடுமையான காயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மூன்று வருடம் கழித்துத் தொடர்ந்து பார்த்தபோதும், தாராளமாக வெட்டியவர்களுக்குச் சிறுநீர் கசிவு குறைந்திருக்கவில்லை. இடுப்புத் தசையைக் காப்பாற்றும் என்ற பழைய வாக்கு இங்கே ஆட்டம் கண்டது. 1993-இல் வெளியான அர்ஜென்டினா ஆய்வு இன்னும் பெரியது, 2606 பெண்கள். ஒரு பக்கம் 83 சதவீதம், மறுபக்கம் 30 சதவீதம் வெட்டு. அங்கேயும் வழக்கமாக வெட்டியதில் கடுமையான கிழிசல் குறையவில்லை.

குலுக்கல் முறை ஆய்விலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியலில் 703 பெண்களை வைத்து மைக்கேல் க்ளைன் குழுவினர் செய்த ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. முடிவுகள் வந்தபின் அவர்கள், கலந்துகொண்ட மருத்துவர்களின் நம்பிக்கைகளையும் ஆராய்ந்தார்கள். இந்த வெட்டை உயர்வாக நினைத்த மருத்துவர்கள், "முடிந்தவரை வெட்டாதே" என்ற குழுவில் வந்த பெண்களையும் அதிகமாக வெட்டியிருந்தார்கள். அப்படியானால் இரண்டு குழுவுக்கும் இடையில் இருக்க வேண்டிய வித்தியாசம் மங்கிவிடும். ஒரு ஆய்வைப் படிக்கும்போது, குலுக்கலில் என்ன வந்தது என்பதோடு, உண்மையில் எத்தனை பேருக்கு என்ன நடந்தது என்பதையும் தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

வெட்டும் திசையும் பெரிய விஷயம். வட அமெரிக்காவில் நேர்க்கோட்டில், ஆசனவாயை நோக்கி வெட்டும் வழக்கம் இருந்தது. துணிக்கடையில் துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தால் அது நேராகக் கிழிந்துகொண்டே போகும் இல்லையா, அந்த மாதிரி நேர்க்கோட்டு வெட்டு சுருக்குத்தசை வரை நீண்டுவிடுகிறது. மான்ட்ரியல் ஆய்வில் தலைப்பிரசவப் பெண்களுக்கு நேர்ந்த கடுமையான கிழிசல்கள் ஏறத்தாழ எல்லாமே இப்படி வெட்டிய இடத்திலிருந்துதான் நீண்டிருந்தன. நம் ஊரில் பக்கவாட்டில் சாய்த்து வெட்டுவது அதனால்தான் மேல். பெரினியம் இழுபட்டு விரிந்திருக்கும் நேரத்தில் நடுக்கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்வு இருக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி. விரிந்த தோலில் 60 டிகிரி வெட்டினால், குழந்தை வந்து தோல் சுருங்கியபின் கோணம் 45 டிகிரி அளவுக்குக் குறைந்துவிடும். கண் அளவில் வெட்டுகிற கைக்கு இந்த வித்தியாசம் எளிதில் தப்பிவிடுகிறது.

எல்லா ஆய்வையும் ஒன்றாகச் சேர்ப்பது

ஒரு ஆய்வு ஒன்று சொல்லும், இன்னொன்று வேறு சொல்லும். தனக்குப் பிடித்த முடிவைச் சொல்லும் ஆய்வை மட்டும் எடுத்துக் காட்டுவது மிக எளிது. வாட்ஸப்பில் நடப்பதும் அதுதான், சில மருத்துவ மாநாட்டு மேடைகளில் நடப்பதும் அதுதான். இதற்கு மருந்தாக வந்தது முறைசார் சீராய்வு.

1979-இல் ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், எல்லா மருத்துவத் துறைகளிலும் சான்றைக் கண்டுகொள்வதில் கடைசி இடம் மகப்பேறு மருத்துவத்துக்குத்தான் என்று சொல்லி, தோற்றவர்களுக்குத் தரும் மரக்கரண்டியை அந்தத் துறைக்கு வழங்கினார். அந்தச் சூடு பலனளித்தது. ஆக்ஸ்ஃபோர்டில் அயன் சால்மர்ஸ் குழுவினர் மகப்பேறு ஆய்வுகளை எல்லாம் தேடித் திரட்டத் தொடங்கினார்கள். அதன் நீட்சியாக 1993-இல் காக்ரேன் பெயரிலேயே ஓர் அமைப்பு பிறந்தது. கடைசி இடம் வாங்கிய துறைதான் மற்ற துறைகளுக்கு வழிகாட்டியது. காக்ரேனே பின்னாளில் அந்தக் கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. தெற்காசியாவுக்கான காக்ரேன் மையம் அமைந்தது வேலூர் சிஎம்சியில்தான்.

முறைசார் சீராய்வில் முதல் வேலை, கேள்வியைக் கூர்மையாக்குவது. "எபிசியோடமி நல்லதா கெட்டதா" என்பது ஆராயக்கூடிய கேள்வியே இல்லை. யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவைப் பார்க்கிறோம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். "ஆயுதம் போடும் தேவை எதிர்பார்க்கப்படாத நார்மல் பிரசவத்தில், எல்லாருக்கும் வழக்கமாக வெட்டுவதோடு ஒப்பிட்டால், தேவைப்படும்போது மட்டும் வெட்டுவது கடுமையான கிழிசலைக் கூட்டுமா குறைக்குமா?" இப்போது இது ஒரு கேள்வி. இதை எழுதி முன்கூட்டியே வெளியிட்டுவிடுவார்கள், பிறகு முடிவைப் பார்த்துக் கேள்வியை மாற்ற முடியாதபடி. அடுத்து, வெளிவந்தவை, வெளிவராதவை, மற்ற மொழிகளில் இருப்பவை என ஆய்வுகளைச் சல்லடை போட்டுத் தேடுவார்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைக் குறைந்தது இரண்டு பேர் தனித்தனியாக முடிவு செய்து, பிறகு ஒப்பிடுவார்கள். ஒவ்வொரு ஆய்விலும் ஒருதலைச் சாய்வு எங்கே நுழைந்திருக்கலாம் என்று பார்ப்பார்கள்: குலுக்கல் ஒழுங்காக நடந்ததா, பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர், சொன்ன விளைவுகள் எல்லாவற்றையும் வெளியிட்டார்களா. கடைசியில்தான் எண்களைச் சேர்ப்பார்கள்.

அந்தச் சேர்ப்பை ஒரு படமாகப் போடுவார்கள். ஒருமுறை பழகிவிட்டால் யாரும் படிக்கலாம். நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. அதன் பொருள், இரண்டு சிகிச்சைக்கும் வித்தியாசமில்லை. ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு சின்னக் கட்டமும், அதன் இரு பக்கமும் நீளும் ஒரு கோடும். கட்டம் அந்த ஆய்வின் கணிப்பு. கோடு அந்தக் கணிப்பு எவ்வளவு தள்ளாடலாம் என்பது. சிறிய ஆய்வின் கோடு நீளமாக இருக்கும், பெரிய ஆய்வின் கோடு குட்டையாக இருக்கும். எல்லாவற்றையும் கூட்டிய முடிவு, கடைசியில் ஒரு வைர வடிவம். அந்த வைரம் நடுக்கோட்டைத் தொடாமல் ஒரு பக்கமாக நின்றால், வித்தியாசம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். காக்ரேன் அமைப்பின் சின்னமே இப்படி ஒரு படம்தான். குறைமாதத்தில் பிரசவமாகும் நிலையில் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்று காட்டிய ஆய்வுகளின் படம். முதல் ஆய்வு நியூசிலாந்தில் 1972-இலேயே வந்துவிட்டது. அடுத்தடுத்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த முறையான சீராய்வு வெளிவர 1989 ஆகிவிட்டது. பலன் தெரியாததாலேயே அந்த ஊசி கிடைக்காமல் எத்தனையோ குழந்தைகள் இடையில் இறந்தார்கள். சீராய்வை நூலகத்து வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வரும்.

இனி நம் வெட்டுக்கு வருவோம். 2009 காக்ரேன் சீராய்வில் 8 ஆய்வுகள், 5541 பெண்கள். 2017 பதிப்பில் 12 ஆய்வுகள், 6177 பெண்கள். தேவைப்படும்போது மட்டும் வெட்டும் முறையில் கடுமையான காயம் சுமார் 30 சதவீதம் குறைவு என்று 2017 பதிப்பு சொல்கிறது.

30 சதவீதம் என்றதும் மலைத்துவிடக் கூடாது. எதில் 30 சதவீதம் என்று கேட்க வேண்டும். எல்லாருக்கும் வெட்டும் மருத்துவமனையில் 1000 பெண்களில் 36 பேருக்குக் கடுமையான கிழிசல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 சதவீதம் குறைந்தால் 25 பேர். அதாவது 1000 பேரில் 11 பேர் தப்புகிறார்கள். அடிப்படை ஆபத்து 1000-க்கு 10 தான் என்றால் தப்புவது 3 பேர். சதவீதம் ஒன்றுதான், தலைகளின் எண்ணிக்கை வேறு. மருந்து விளம்பரமானாலும் செய்தித் தலைப்பானாலும் ஒப்பீட்டுச் சதவீதத்தை மட்டும் சொன்னால், "ஆயிரம் பேரில் எத்தனை பேர்?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்த 30 சதவீதமும் கல்லில் வெட்டியதில்லை. கணக்குப்படி உண்மையான குறைவு 6 சதவீதத்திலிருந்து 48 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால்தான் சீராய்வை எழுதியவர்களே இந்த முடிவுக்கு "உறுதி குறைவு" என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். அடுத்து வரும் நல்ல ஆய்வு இந்த எண்ணை மாற்றக்கூடும் என்று பொருள். தன் முடிவின் பலவீனத்தைத் தானே எழுதிவைக்கும் கட்டுரையை நான் கூடுதலாக நம்புகிறேன்.

விலையும் உண்டு. தேவைக்கு மட்டும் வெட்டும் குழுவில், முன்பக்கம், சிறுநீர்த்துளையை ஒட்டிய பகுதியில் கிழிசல் கூடியது. 2009 பதிப்பின்படி 1.84 மடங்கு. பெரும்பாலும் சிறிய கிழிசல்கள், ஆனால் எரியும். தாம்பத்திய வலியிலும் சிறுநீர் கசிவிலும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தையல் தேவைப்பட்டவர்களும், காயம் ஆறுவதில் சிக்கல் வந்தவர்களும் குறைந்தார்கள். இவை எல்லாவற்றையும் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் எழுதியது: ஆயுதமின்றித் தானாக நிகழும் நார்மல் பிரசவத்தில் எல்லாருக்கும் வழக்கமாகவோ தாராளமாகவோ எபிசியோடமி செய்வது பரிந்துரைக்கப்படவில்லை. செய்தால் மரத்துப்போக ஊசி போட்டு, பெண்ணிடம் விளக்கிச் சம்மதம் வாங்கிய பின்தான்.

சான்று எங்கே நின்றுவிடுகிறது

இதைப் படித்துவிட்டு, "அப்போ வெட்டவே கூடாது" என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. குழந்தையின் இதயத்துடிப்பு விழுந்துகொண்டிருக்கும்போது, தலை வாசலில் நிற்கும்போது, இரண்டு நிமிடம் மிச்சப்படுத்த அந்த வெட்டு தேவைப்படலாம். அந்த நேரத்தில் மருத்துவரோடு வாதாடுவதில் அர்த்தமில்லை.

வேக்குவம், அதாவது தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் கருவி போட்டு எடுக்கும் பிரசவம் தனிக் கதை. மேலே சொன்ன கேள்வியில் "ஆயுதம் எதிர்பார்க்கப்படாத" என்று இருந்ததே, அந்த வேலி இங்கே முக்கியமாகிறது. வேலிக்கு வெளியே இருக்கும் பெண்களுக்கு அந்தச் சீராய்வு பதில் சொல்லவில்லை. ஸ்வீடனில் 8 மருத்துவமனைகளில், வேக்குவம் தேவைப்பட்ட தலைப்பிரசவப் பெண்கள் 717 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. பக்கவாட்டில் வெட்டியவர்களில் 6 சதவீதம் பேருக்கும், வெட்டாதவர்களில் 13 சதவீதம் பேருக்கும் சுருக்குத்தசைக் காயம். இங்கே வெட்டு காப்பாற்றியிருக்கிறது. கூடவே, வெட்டியவர்களுக்குக் காயத்தில் தொற்றும், தையல் விட்டுப்போவதும் அதிகமாக இருந்தது. ஒரே வெட்டு, ஒரு நிலைமையில் தேவையற்ற காயம், இன்னொரு நிலைமையில் பாதுகாப்பு. மருத்துவச் சான்றைப் படிக்கும்போது "யாருக்கு" என்ற சொல்லை எவ்வளவு அழுத்திப் படித்தாலும் தகும்.

நம் ஊரில் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று உண்டு: "வெள்ளைக்காரப் பெண்களுக்கு அதெல்லாம் சரி, ஆசியப் பெண்களுக்குப் பெரினியம் சிறியது, வெட்டாவிட்டால் கிழிந்துவிடும்." இது முழுக்க ஆதாரமில்லாத பேச்சு இல்லை. பிரிட்டனில் வாழும் ஆசியப் பெண்களுக்குக் கடுமையான கிழிசல் சுமார் இரண்டு மடங்கு என்று அந்நாட்டுப் பதிவேடுகள் காட்டுகின்றன. ஆனால் அங்கே அவர்களில் பலர் குடியேறியவர்கள். மொழிச் சிக்கல், பிரசவம் பார்க்கும் முறை, உணவு எனப் பல விஷயங்கள் கலந்திருக்கின்றன. அதைவிட முக்கியமாக, ஆபத்து அதிகம் என்பது ஒரு செய்தி, வெட்டினால் அந்த ஆபத்து குறையும் என்பது வேறு செய்தி. முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதை நிரூபித்ததாக நினைத்துக்கொள்வது மருத்துவர்களிடமும் காணப்படும் வழுக்கல். நம் பெண்களிடம் செய்த பெரிய, நல்ல ஆய்வுகள் இன்னும் வேண்டும் என்று கேட்பதே நேர்மையான பதில். பிரசவ எண்ணிக்கையில் உலகிலேயே முன்னணியில் இருக்கும் நாடு அதைச் செய்ய முடியும், செய்ய வேண்டும்.

வெட்டாமலேயே கிழிசலைக் குறைக்க வழியுண்டா என்ற கேள்விக்கும் சீராய்வு பதில் சொல்கிறது. வலியின் இரண்டாம் கட்டத்தில், தலை தெரியத் தொடங்கும்போது, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பெரினியத்தில் வைத்திருப்பது கடுமையான கிழிசலை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று 2017 காக்ரேன் சீராய்வு கணிக்கிறது. 4 ஆய்வுகள், 1799 பெண்கள். ஒரு பாத்திரம் வெந்நீர், ஒரு சுத்தமான துணி, பக்கத்தில் நிற்க ஒரு சிஸ்டர். செலவே இல்லாத இந்த வழி நம் லேபர் வார்டுகளில் எத்தனை இடத்தில் நடக்கிறது என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வலி எடுத்த பெண்ணின் பக்கத்தில் நிற்க ஆள் இல்லாத வார்டில் துணியை யார் பிடிப்பது?

தையல் போட்ட பின்

போட வேண்டிய தையலை எப்படிப் போடுவது என்பதற்கும் சான்று உண்டு. கிறிஸ்டின் கெட்டில் என்ற மருத்துவச்சியின் குழு இங்கிலாந்தில் 1542 பெண்களிடம் செய்த ஆய்வு 2002-இல் வந்தது. ஒவ்வொரு தையலாக முடிச்சுப் போட்டுப் போட்டு வெட்டுவது ஒரு முறை. ஒரே நூலில், இறுக்காமல், உள்ளிருந்து தோல் வரை தொடர்ச்சியாக ஓட்டித் தைப்பது இன்னொரு முறை. பத்தாம் நாள் வலி இருக்கிறதா என்று கேட்டபோது, முடிச்சு போட்டுத் தைத்தவர்களில் 44 சதவீதம் பேரும், தொடர்ச்சியாகத் தைத்தவர்களில் 26.5 சதவீதம் பேரும் ஆம் என்றார்கள். புது இயந்திரம் தேவையில்லை, விலை உயர்ந்த மருந்து தேவையில்லை. ஊசி பிடிக்கும் கையின் பழக்கம் மாறினால் போதும், ஆறு பெண்களுக்கு ஒருவர் வலியில்லாமல் உட்கார்ந்து பால் கொடுக்கலாம்.

ஆன்டிபயாட்டிக் விஷயமும் இதே ரகம். நார்மல் பிரசவத்தில் தையல் போட்டாலே ஐந்து நாள் மாத்திரை எழுதித் தருவது பல இடங்களில் பழக்கம். எபிசியோடமி செய்ததற்காக மட்டும் எல்லாருக்கும் ஆன்டிபயாட்டிக் தர உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. ஆனால் வேக்குவமோ ஆயுதமோ போட்டால், ஒரே ஒரு வேளை ஊசி தொற்றைக் குறைக்கிறது என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு 2019-இல் காட்டியது. மறுபடியும் அதே "யாருக்கு". உங்களுக்கு மருத்துவர் மாத்திரை எழுதியிருந்தால் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எதற்காகத் தந்தார் என்று கேளுங்கள். தொற்று இருப்பதாக அவர் பார்த்திருக்கலாம்.

கேட்பதற்குச் சரியான நேரம் வலி எடுத்த பின் இல்லை. எட்டாம் மாதம், ஒன்பதாம் மாதச் செக்கப்பில் கேளுங்கள். "டாக்டர், தலைப்பிரசவம்னா எல்லாருக்கும் எபிசியோடமி போடுவீங்களா, இல்ல தேவைப்பட்டா மட்டுமா? என் விஷயத்துல எப்போ தேவைப்படும்னு நினைக்கிறீங்க?" இந்த இரண்டு கேள்வியில் அவமரியாதை எதுவும் இல்லை. தேவைப்பட்டால் மட்டும் என்று சொல்லும் மருத்துவர், எந்தெந்த நிலையில் என்பதையும் சொல்லிவிடுவார். கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனை ஓபியில் இதைக் கேட்பது சிரமம் என்பது தெரியும். கிராமச் செவிலியரிடமோ, செக்கப்புக்குக் கூட வரும் அம்மா, மாமியார் வழியாகவோ கேட்கலாம். காக்ரேன் சீராய்வுகளின் எளிய சுருக்கங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு சுருக்கத்தைப் படித்துப் பாருங்கள். கட்டமும் கோடும் வைரமும் இப்போது பயமுறுத்தாது.

தையல் போட்ட இடத்தில் வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடினால், வாடை அடித்தால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், தையல் விட்டுக்கொண்டால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள், அன்றே போய்க் காட்டுங்கள். காற்றையோ மலத்தையோ அடக்க முடியவில்லை என்றால் அதைப் பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று பெரியவர்கள் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். அது சுருக்குத்தசைக் காயமாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. ஆறாம் வாரப் பரிசோதனைக்குப் போகும்போது குழந்தைக்குத் தடுப்பூசி போட்டதோடு திரும்பிவிடாமல், இந்த ஒன்றை மட்டுமாவது டாக்டரிடமோ சிஸ்டரிடமோ வாய் திறந்து சொல்லிவிட்டு வாருங்கள்.